கேதரிங் ஸ்டார்ம்: எப்போது வெள்ளம் வரும் என்று தெரியாமல் ஊர் கட்டுவது

2020 மே மாதம் ஊரடங்கில் கம்பெனிகள் பாதி மூடிக் கிடந்தபோது, எபிக் என்கிற இணையக் கடையில் சிவிலைசேஷன் 6 என்கிற, ஊர் கட்டி நாடு வளர்க்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தார்கள். எனக்குத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது துணி ஆர்டரை நூலிலிருந்து கப்பல் ஏறுகிற வரைக்கும் கவனிக்கிற வேலை. ஆர்டர் எல்லாம் நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம், எடுத்துப் போட்டேன். அப்புறம் ஒரு தள்ளுபடியில் அதன் விரிவாக்கமான கேதரிங் ஸ்டார்மைக் காசு கொடுத்து வாங்கினேன். ஃபிராக்சிஸ் நிறுவனம் செய்த அது வெளிவந்தது 2019 பிப்ரவரி 14 அன்று. இத்தனை வருஷம் கழித்தும் வாரத்துக்கு இரண்டு ராத்திரியாவது அதில்தான் போகிறது. புது விளையாட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன, ஆனாலும் இதை விட்டுப் போக மனசு வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்கலாம். அடிப்படை விளையாட்டு மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு விரிவாக்கம்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள். இதற்கு முந்தைய ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தில் வந்த கவர்னர்கள், ஊர்களின் விசுவாசம், பொற்காலம் இருண்ட காலம் எல்லாமே இதற்குள்ளும் இருக்கின்றன. அதில் வந்த நாடுகளும் தலைவர்களும் இதில் வராது.

இது டர்ன், அதாவது முறை வைத்து ஆடுகிற விளையாட்டு. நீங்கள் உங்கள் வேலையை முடித்துவிட்டு அடுத்த டர்ன் என்று அழுத்தினால் மற்ற நாடுகள் தங்கள் வேலையை முடிக்கும், அப்புறம் மறுபடி உங்கள் கைக்கு வரும். கேதரிங் ஸ்டார்மில் அந்த இடைவெளியில் இன்னொரு ஆள் ஆடுகிறார், அதுதான் இயற்கை. ஆறு பெருகும், மலை வெடிக்கும், வறட்சி விழும், பாலைவனத்தில் மணல் புயலும் பனிப் பிரதேசத்தில் பனிப் புயலும் சமவெளியில் சுழற்காற்றும் கடலில் சூறாவளியும் அடிக்கும். எந்த டர்னில் என்று யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டவுடனே "அப்ப அதிர்ஷ்டம்தானே, இதுல என்ன திட்டம் போடறது?" என்று என்னோடு வேலை பார்க்கிற பையன் கேட்டான். அவனுக்கு அன்று டீக்கடையில் நின்று சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் முறை என்றால் தண்ணீர் முறைதான். எங்கள் அப்பாருக்குச் சென்னிமலை பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நிலம் இருந்தது. மொத்த ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று சரிபாதியாகப் பிரித்து, ஒரு வருஷம் ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நஞ்சைக்குத் தண்ணீர், இன்னொரு பாதிக்கு ஜனவரியில் புஞ்சைக்குத் தண்ணீர், அடுத்த வருஷம் மாற்றி. ஆக, எந்த வருஷம் யார் முறை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பவானிசாகர் அணையில் 105 அடிக்குத் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்பது நீலகிரியில் பெய்கிற மழையைப் பொறுத்தது, அதை யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அப்பாரு என்ன செய்வார் என்றால், முறை வந்து நெல் போட்ட வருஷமும் மேட்டாங்காட்டில் கொஞ்சம் சோளம் விதைத்துவிடுவார். அறுத்த தட்டைப் போர் போட்டு வைப்பார். விலை எவ்வளவு ஏறினாலும் கடைசிப் போரை விற்கவே மாட்டார். "மழ பேஞ்சாலும் ஒரு போர் நிக்கோணும்" என்பார். கேதரிங் ஸ்டார்ம் விளையாடும்போது எனக்கு அந்தப் போர் ஞாபகம் வராத நாள் கிடையாது.

ஏன் என்றால் இந்த விளையாட்டில் வெள்ளத்திலும் எரிமலையிலும் தெரியாதது எப்போது என்பது மட்டும்தான். எங்கே வரும் என்பது முதல் டர்னிலேயே கண் முன்னால் இருக்கிறது. வெள்ளம் என்றால் ஆற்றை ஒட்டிய ஃப்ளட்ப்ளெயின், அதாவது வெள்ளச் சமவெளிக் கட்டங்களில்தான் வரும். எரிமலை மலைமேல் நெருப்போடு படத்திலேயே இருக்கிறது, சுற்றியிருக்கிற கட்டங்களைத்தான் தாக்கும். எவ்வளவு வரும் என்பதும் ஓரளவு தெரியும். வெள்ளத்தில் சாதாரணம், பெரியது, ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வருவது என்று மூன்று படி. எரிமலைக்கும் அப்படி மூன்று படி. ஆட்டம் தொடங்கும்போதே பேரிடர் தீவிரத்தை 0 முதல் 4 வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், சும்மா விட்டால் 2ல் நிற்கும். இத்தனையும் தெரிந்த பிறகு மிச்சம் இருக்கிற தேதியை வைத்துக்கொண்டு அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன மாதம் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். இந்தியாவின் தலைவராகக் காந்தியை எடுத்தேன், தீவிரம் 4. தலைநகர் ஒரு பெரிய ஆற்றின் கரையில், இரண்டு பக்கமும் ஐந்து ஃப்ளட்ப்ளெயின் கட்டங்கள். எடுத்த எடுப்பில் இரண்டு பண்ணை போட்டேன். 23வது டர்னில் வெள்ளம். திரையில் கேமரா தானாக அங்கே போய் நின்று, ஆறு புரண்டு பண்ணையை மூடுவதைக் காட்டியது. ஒரு பண்ணை சேதம், மக்கள்தொகையில் ஒன்று காலி. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிய ஊரைப் பார்த்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு கட்டங்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் உணவு ஒன்று ஏறியிருந்தது, பக்கத்துக் கட்டத்தில் உற்பத்தி ஒன்று ஏறியிருந்தது, அது ஆட்டம் முடிகிற வரைக்கும் அப்படியே நிற்கும். வண்டல்! அடுத்த நாற்பது டர்னில் இன்னும் இரண்டு தடவை வெள்ளம் வந்தது. நடுக்காலத்தில் அந்தத் தலைநகர் மற்ற ஊர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிசாக நின்றது, காரணம் அந்த ஐந்து கட்டம்தான்.

1991ல் வந்த முதல் சிவிலைசேஷனிலேயே பஞ்சம், தீ, வெள்ளம், கொள்ளைநோய் எல்லாம் திடீரென்று வரும். களஞ்சியம் கட்டியிருந்தால் பஞ்சம் தொடாது என்கிற மாதிரி ஏற்பாடும் இருந்தது. ஆனால் அங்கே இயற்கை எடுத்துக்கொண்டு மட்டும் போகும். எடுத்துக்கொண்டு மட்டும் போகிற நிகழ்வு எத்தனை நியாயமாக இருந்தாலும் தண்டனை மாதிரிதான் தோன்றும். ஆடுகிறவர் அதிலிருந்து ஒதுங்கப் பார்ப்பார், அவ்வளவுதான். கேதரிங் ஸ்டார்ம் எடுத்ததற்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதனால் ஒதுங்குவதா, கிட்டே போய் உட்கார்ந்து அடியைத் தாங்குவதா என்று ஒரு கணக்கு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்த விரிவாக்கத்தின் மொத்த மதிப்பும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. இதை யோசித்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடியைத் தாங்குவதற்கு என்னென்ன கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அப்புறம் கேள்வி. நான் கற்றுக்கொண்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பில்டர் விஷயம். பண்ணை, சுரங்கம் எல்லாம் போடுகிற ஆள்தான் பில்டர். பில்டர் ஒருவருக்கு இத்தனை தடவைதான் வேலை செய்யலாம் என்று எண்ணிக்கை உண்டு, அது தீர்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். ஆனால் சேதமான பண்ணையையோ சுரங்கத்தையோ பழுது பார்ப்பதற்கு அந்த எண்ணிக்கை குறையாது. அதனால் ஒரு பில்டரை ஒரே ஒரு வேலை மிச்சத்தோடு நிறுத்தி வைத்தால் ஆட்டம் முழுக்க அவர் பழுது பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். ஆற்றங்கரைக் கட்டத்தில் நிறுத்தினால் வெள்ளத்தில் ஆளே போய்விடக்கூடும். பக்கத்தில் ஒரு மேடு பார்த்து நிறுத்துங்கள், ஒரு டர்னில் இறங்கி வந்துவிடுகிற தூரத்தில். நான் பெரும்பாலான ஆட்டங்களில் தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் ஓர் ஆளை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். நாற்பது டர்ன் சும்மா நிற்பார், பரவாயில்லை. அவரைக் கடைசி வேலையும் வாங்கி முடித்துவிட்ட ஆட்டங்களில்தான் அடுத்தடுத்து இரண்டு வெள்ளம் வந்து, பண்ணை எல்லாம் உடைந்து கிடக்க, புது பில்டருக்காக ஏழு டர்ன் காத்திருக்கிறேன்.

அடுத்தது காடு. ஊருக்குள் வருகிற காட்டை வெட்டினால் அந்த டர்னிலேயே மொத்தமாக உற்பத்தி கிடைக்கும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். புதிதாக ஆடுகிறவர்கள் முதல் முப்பது டர்னிலேயே எல்லாக் காட்டையும் வெட்டித் தீர்த்துவிடுகிறார்கள். ஆனால் வெட்டினால் கிடைக்கிற அளவு காலம் போகப் போக ஏறும். அதனால் இரண்டு காட்டுக் கட்டத்தை விட்டு வைத்தால் அது நிற்க நிற்க வளருகிற சேமிப்பு, எரிமலை வந்து பாதி ஊரைச் சாய்த்தால் ஒரே டர்னில் எடுத்து வெளியே போடலாம். அப்பாருவின் தட்டுப் போர் இதுதான். என் ஆட்டத்தில் இரண்டாவது ஊரை எந்த நாட்டையும் சேராத கொள்ளைக்காரர்களான பார்பேரியன்கள் சுற்றிக்கொண்டபோது வெளியே இருந்த சுரங்கங்கள் எல்லாம் சேதமாகி உற்பத்தி படுத்துவிட்டது. அப்போது ஒரு காட்டை வெட்டித்தான் மதில் கட்டி முடித்தேன். அன்றைக்கு அந்தக் காடு இல்லாவிட்டால் ஊர் போயிருக்கும்.

தங்கமும் அப்படித்தான். 300 தங்கத்துக்குக் கீழே நான் இறங்குவதில்லை என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இது விளையாட்டு சொல்லிக் கொடுத்த எண் இல்லை, என் அனுபவத்தில் வந்தது. சண்டையோ வெள்ளமோ, ஒரு பில்டரையோ ஒரு படையையோ உடனே வாங்கிப் போட அது போதும். அதோடு இன்னொரு உபயோகமும் இருக்கிறது. வேறு நாட்டில் பெரிய பேரிடர் வந்தால் உலக மன்றத்தில் உதவி கேட்டு வரும். யார் அதிகம் உதவுகிறார்களோ அவர்களுக்கு ராஜதந்திர வெற்றிக்குப் புள்ளி கிடைக்கும். கையில் தங்கம் வைத்திருப்பவருக்கு அடுத்தவன் ஊரின் வெள்ளமும் ஒரு வாய்ப்பு. கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் உதவி போய்ச் சேருகிறதே, அந்த ஊர் மறுபடி எழுகிறதே என்று நான் மனசார அனுப்புகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே தனிக் கட்டத்தில் கட்டுகிற பகுதிக்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அணை என்று ஒரு டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது, பட்ரஸ் தொழில்நுட்பம் கண்டுபிடித்த பிறகுதான் வரும், ஒரு ஆற்றுக்கு ஒன்றுதான், அதுவும் ஆறு குறைந்தது இரண்டு பக்கம் தொடுகிற ஃப்ளட்ப்ளெயின் கட்டமாக இருக்க வேண்டும். இந்த விதி தெரியாமல் அந்தக் கட்டத்தில் வேறு எதையாவது கட்டிவிட்டால் அப்புறம் அந்த ஆற்றுக்கு அணையே கிடையாது. அதனால் ஊர் வைத்த முதல் டர்னிலேயே அணைக்கான கட்டத்தைத் தேடிப் பிடித்து வரைபடத்தில் ஒரு குறி குத்தி வைத்துவிடுங்கள். நூறு டர்ன் கழித்துத் தேவைப்படும் இடம் அது. விரிவாக்கத்துக்கு முன்னால் ஃப்ளட்ப்ளெயினில் டிஸ்ட்ரிக்ட் கட்டவே முடியாது, இப்போது கட்டலாம், அந்தச் சலுகையே ஒரு பொறி. பண்ணை உடைந்தால் பில்டர் ஒரு டர்னில் சரி செய்வார். கல்விக்கான டிஸ்ட்ரிக்டான கேம்பஸ் உடைந்தால் ஊரின் உற்பத்தியை நிறுத்தி வைத்துப் பழுது பார்க்க வேண்டும், உள்ளே நூலகம் உடைந்திருந்தால் அதற்குத் தனியாக. ஆற்றங்கரையில் உடைந்தால் சீக்கிரம் எழுந்து நிற்கிறதை வைக்க வேண்டும், எழ நாளாகிறதை மேட்டில் வைக்க வேண்டும். கிரேட் பாத் அதிசயமும் வெள்ளத்தைத் தணிக்கும், ஆனால் அது உலகத்துக்கே ஒன்று, அதை நம்பித் திட்டம் போடமாட்டேன். லியாங் என்கிற கவர்னரை வளர்த்து ஓர் ஊரில் உட்கார வைத்தால் அந்த ஊரின் கட்டடங்களை எந்தப் பேரிடரும் உடைக்காது. அவர் போய் நிலைகொள்ள ஐந்து டர்ன் ஆகும். எனவே வெள்ளம் வந்த பிறகு அனுப்பிப் பிரயோஜனமில்லை.

இதில் ஒரு சங்கிலியை நான் கவனிக்காமல் விட்டு ஓர் ஊரையே இழந்தேன். எல்லையில் ஒரு சின்ன ஊர், பக்கத்திலேயே எதிரியின் பெரிய ஊர். வெள்ளத்தில் மக்கள்தொகை இரண்டு குறைந்தது. விசுவாசம் என்பது சுற்றியிருக்கிற மக்கள்தொகையின் அழுத்தத்தை வைத்துத்தான் ஏறி இறங்குகிறது. இரண்டு பேர் குறைந்தவுடன் தராசு சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு டர்னும் விசுவாசம் மெல்ல மெல்ல வடிந்து, ஒன்பதாவது டர்னில் ஊர் கலகம் செய்து தனியாகப் போய்விட்டது. வெள்ளத்தில் போனது இரண்டு பேர்தான், ஆனால் அந்த ஊர் ஏற்கெனவே விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் எல்லை ஊரை ஃப்ளட்ப்ளெயினில் வைக்கவேண்டி வந்தால் ஒரு கவர்னர் இல்லாமல் வைப்பதில்லை.

என் வேலையும் இதே ஜாதிதான் என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். மெர்ச்சண்டைசர் மேசையில் டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் என்று ஒன்று இருக்கும். நூல் எப்போது வரும், நிட்டிங் எப்போது, சாயம் எப்போது, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், கடைசியில் தூத்துக்குடியில் கப்பலுக்குக் கன்டெய்னர் ஒப்படைக்க வேண்டிய தேதி. அந்தக் கடைசித் தேதி மட்டும் அசையாது, நடுவில் இருக்கிற எல்லாமே அசையும். சாயத்தில் ஷேடு தட்டிவிட்டால், அதாவது நிறம் மாறி வந்துவிட்டால், துணி திரும்பிப் போய் வரவேண்டும். எந்த ஆர்டரில் தட்டும் என்று தெரியாது, பத்து ஆர்டரில் ஒன்றிரண்டு கட்டாயம் தட்டும் என்று தெரியும். அதனால் துணியைக் கொஞ்சம் கூடவே போடுவோம், சாயத்துக்கு அப்புறம் நாலு நாள் காலியாக விடுவோம். புதிதாக வருகிற பையன்கள் அந்த நாலு நாளைப் பார்த்து இங்கே இன்னொரு ஆர்டரை நுழைக்கலாமே என்பார்கள். நுழைத்தால் அந்த மாதம் நன்றாகத்தான் போகும். அதற்கடுத்த மாதம் ஒரு ஷேடு தட்டினால் மூன்று ஆர்டர் சேர்ந்து சாயும். விளையாட்டில் கடைசி பில்டரையும் கடைசிக் காட்டையும் தீர்த்துவிட்டு நிற்கிறவர் நிலைமையும் அதேதான்.

சண்டையிலும் ஒரு சின்னப் பகடை இருக்கிறது. ஒவ்வொரு படைக்கும் 100 உயிர். சம பலமுள்ள இரண்டு படை மோதினால் ஒரு அடிக்கு 24 முதல் 36 வரை போகும். நன்றாக விழுந்தால் மூன்று அடியில் ஆள் காலி, விழாவிட்டால் நாலாவது அடி வேண்டும். மூன்று வில்லாளியை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் திட்டிக்கொண்டே திரும்பி வருவார். நாலாவது ஆளைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள், அப்புறம் பகடை ரொம்ப ரொம்ப மோசமாக விழுந்தாலொழியக் கவலையில்லை. இதே ஃபிராக்சிஸ் செய்த எக்ஸ்காம் 2ல் குறி தப்பினால் மொத்தமாகத் தப்பும், 95 சதவீதம் என்று காட்டிவிட்டுத் தப்பும். அங்கே முதல் ஆள் தவறவிட்டால் இரண்டாவது ஆளை வைத்து என்ன செய்வது என்று யோசித்த பிறகே முதல் ஆளைச் சுட வைக்க வேண்டும். அது நல்ல விளையாட்டுதான், ஆனால் என் ராத்திரித் தூக்கத்துக்கு ஒத்து வரவில்லை. நேர் எதிராக இன்டு த ப்ரீச் என்று 2018ல் ஒன்று வந்தது. எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பதைக் காட்டிவிட்டுத்தான் உங்களை ஆடச் சொல்லும். அது சதுரங்கப் புதிர் மாதிரி சுத்தமாக இருக்கும். கேதரிங் ஸ்டார்ம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடி எங்கே விழும் என்று சொல்கிறது, எப்போது என்று சொல்வதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வறட்சி ரொம்பச் சாதுவாக இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரனுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். நாங்கள் கிணற்றைத் தோண்டி ஆழப்படுத்தி, போர்வெல் போட்டு ஆயிரம் அடி இறங்கியும் புகை மட்டும் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே சில டர்னுக்கு உணவு குறையும், சில பண்ணை சேதமாகும், அவ்வளவுதான், விட்டுப் போய்விடும். நீர்க்குழாய் டிஸ்ட்ரிக்ட் இருந்தால் அந்த உணவும் குறையாது. இந்தியாவை எடுத்தால் ஸ்டெப்வெல், நம்ம படிக்கிணறு, அதுவும் வறட்சியில் உணவைக் காப்பாற்றும். படிக்கிணற்றை ஒரு நாட்டின் தனிச்சிறப்பாக வைத்தது எனக்கு அத்தனை சந்தோஷம், ஆனால் அது காப்பாற்ற வேண்டிய ஆபத்து இன்னும் பெரிதாக இருந்திருந்தால் அந்தக் கிணற்றுக்கு மதிப்பு ஏறியிருக்கும். வெள்ளம் ஒரே டர்னில் வந்து போகிற அடி. வறட்சியோ மெல்ல மெல்ல இறுக்குவது, ஆட்டைக் குறைப்பதா மாட்டை விற்பதா என்று நாளுக்கு நாள் ஒரு முடிவு கேட்பது. அப்படி ஒரு வறட்சியை யாராவது ஒரு விளையாட்டில் செய்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

கம்ப்யூட்டர் ஆடுகிற நாடுகள் இந்தக் கணக்கைப் போடுவதாக எனக்குத் தெரியவில்லை. எரிமலைக்குக் காலடியில் டிஸ்ட்ரிக்ட் கட்டி, உடைந்து, அப்படியே விட்டு வைத்திருப்பதைப் பல ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். அப்புறம் கடைசிக் காலம் இழுக்கும். ஆனால் அங்கே ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்க எடுக்கக் கரியமில வாயு சேர்ந்து, புயலும் வெள்ளமும் அடிக்கடி வர ஆரம்பிக்கும், கடல் மட்டம் ஏறித் தாழ்ந்த கடற்கரைக் கட்டங்களை ஒவ்வொன்றாக விழுங்கும். அதாவது பகடையின் எடையை நாமே மாற்றிக்கொள்கிறோம். சாயக் கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூரில் இருந்தவர்களுக்கு, இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதில் உறுத்துவது ஒன்றுதான். நீங்கள் காற்றாலை போட்டாலும் பக்கத்து நாட்டுக்காரன் நிலக்கரியை எரித்தால் உங்கள் கடற்கரை மூழ்கும், தடுக்கிற வெள்ளத் தடுப்புச் சுவர் கம்ப்யூட்டர் தொழில்நுட்பத்துக்கு அப்புறம்தான் வரும், கடல் ஏற ஏற அதன் செலவும் ஏறும். ஒரு மீட்டர் உயரக் கட்டங்களில் முக்கியமான எதையும் கட்டாதீர்கள் என்பதற்கு மேல் அங்கே செய்ய அதிகமில்லை.

2020ல் அபோகலிப்ஸ் என்று ஓர் ஆட்ட வகை தனியாக வந்தது. பேரிடர்களை நாமே தூண்டிவிடலாம், கடைசியில் வால்நட்சத்திரம் விழுந்து ஊரையே அழிக்கும். ஒரு தடவை ஆடிப் பார்த்தேன், போதும். தேதி தெரியாவிட்டாலும் இடம் தெரியும் என்பதில்தான் எனக்குத் திட்டம் போடுகிற ருசி இருந்தது. வானத்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் விழும் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சேவ் எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளம் வந்தால் பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஆடுகிறவர்கள் நிறையப் பேர். ஆடுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் ஒரே ஓர் ஆட்டம் திரும்பிப் போகாமல் ஆடிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பிப் போக முடியும் என்று இருக்கும்வரை அந்த மேட்டு பில்டரை நீங்கள் நிறுத்தி வைக்கவே மாட்டீர்கள்.

லேப்டாப் பெரிசாக வேண்டியதில்லை, என்னுடையது ஆறு வருஷப் பழசு, சின்ன வரைபடமாக எடுத்தால் ஓடிவிடுகிறது. பெரிய வரைபடத்தில் கடைசி நூறு டர்ன் மட்டும் மற்ற நாடுகள் யோசிப்பதற்கு நேரம் எடுக்கும், அதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தீவிரத்தை 2லேயே விட்டு இரண்டு ஆட்டம் ஆடுங்கள், அப்புறம் நேராக 4க்குப் போய்விடுங்கள். 4ல்தான் மண் வேகமாகச் செழிக்கிறது. எகிப்தை எடுத்தால் வெள்ளம் சேதமே செய்யாது, வண்டல் மட்டும் வரும், பழகுவதற்கு நல்லது. இதை ஆடி அலுத்தவர்களுக்கு ஓல்ட் வேர்ல்ட் சிபாரிசு செய்வேன். சிவிலைசேஷன் 4ஐ வடிவமைத்த சோரன் ஜான்சன் செய்தது, அங்கே நிகழ்வுகள் மனிதர்கள் வழியாக வரும், நீங்கள் நம்பி வளர்த்த இளவரசன் திடீரென்று செத்துப்போவான். 2025ல் வந்த சிவிலைசேஷன் 7ல் சோழர்களே ஒரு நாடாக இருக்கிறார்கள். அதற்காகவே அதையும் ஒரு நாள் எழுத வேண்டும்.

அக்கா பையன் ப்ளஸ் டூ படிக்கிறான், பெருந்துறையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரே லேப்டாப்பில் மாற்றி மாற்றி உட்கார்ந்து ஆடுவோம், அதற்கு ஹாட்சீட் என்று ஒரு வழி இருக்கிறது. போன வாரம் என் மூன்றாவது ஊரை எரிமலைக்கு இரண்டு கட்டம் தள்ளி வைத்தேன்.

"மாமா, அந்த மல பொகையுது பாருங்க. அங்க எதுக்கு ஊர வெக்கறீங்க?"

"பொகையறதுனாலதான் கண்ணு. வெடிச்சா சுத்தியும் மண்ணு நல்லா வரும். ஊரு ரெண்டு கட்டம் தள்ளி இருக்குது, பண்ண மட்டுந்தான் கிட்ட இருக்குது."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "பில்டர எங்க நிறுத்தியிருக்கறீங்க?" என்றான்.

தெற்கே குன்றில் நிற்கிறவரைத் தொட்டுக் காட்டினேன். அவன் தன் முறை வந்ததும் முதல் வேலையாகத் தன் பில்டரை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பி மேட்டுக்கு ஏற்றினான். அந்த ஆட்டம் 112வது டர்னில் நிற்கிறது, என் அணை முடிய இன்னும் ஆறு டர்ன் இருக்கிறது, மலை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது, வருகிற ஞாயிறு அவன் காலையிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.